கழுத்தளவுக் கடல்

தீவில் அவளுக்கு அக்கா என்று பெயர் விழுந்தது ஒரு குழப்பத்தினால்தான். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்கு, முப்பத்தொரு வயதில், இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்து சேர்ந்தவள் அவள். வருவதற்கு முன்பே ஒரு சின்னப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தீவு மொழியை மூன்று மாதம் மனப்பாடம் செய்திருந்தாள். ஆனால் வாய்ப்பழக்கம் லேசில் விடுமா? "அக்கா, கொஞ்சம் திரும்பி நில்லுங்க", "அக்கா, வளையலைக் கழட்டுங்க" என்று தன் தாய்மொழியின் அந்த ஒரு சொல்லை மட்டும் எல்லாவற்றோடும் சேர்த்தே சொன்னாள். தீவுக்காரர்கள் யோசித்துப் பார்த்தார்கள். பேச்சுக்குப் பேச்சு வருகிற சொல் அவளுடைய பெயராகத்தான் இருக்க வேண்டும், புது இடமில்லையா, நாம் மறந்துவிடக் கூடாதென்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள் பாவம், என்று முடிவு கட்டினார்கள். மாதம் திரும்புவதற்குள் எழுபது வயதுப் படகோட்டிக்கும் அவள் அக்கா, பெரிய டாக்டருக்கும் அக்கா. இரண்டு மூன்று தடவை திருத்திப் பார்த்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு அவளும் விட்டுவிட்டாள்.

அந்தச் சொல்லின் அர்த்தம் தெரிந்து அவளை அப்படிக் கூப்பிட்டவன் ஒருவன்தான். ஊரில் இருந்த தம்பி. அம்மா அப்பா போன பிறகு அக்காவுக்கு மிஞ்சியது அவன்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வான். நலம் விசாரிப்பான், பிள்ளைகளின் படிப்பைச் சொல்வான். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "எப்பக்கா வர்ற?" என்பான்.

"இந்த ஒப்பந்தம் முடியட்டும்டா" என்பாள் அவள். ஒப்பந்தமும் முடியும். மறுபடி கையெழுத்துப் போடுவாள். இப்படி ஆறு தடவை போட்டாயிற்று.

எக்ஸ்ரே அறை ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்தது. தடித்த சுவர், இழுத்து மூடும் இரும்புக் கதவு, உள்ளே கறுப்பு மேசை. அதை ஒட்டி, ஒரு குளியலறை அளவுக்கு இருட்டறை. அங்கே ஒரு சிவப்பு பல்பு, மூன்று தொட்டிகள். ஃபிலிமை முதல் தொட்டியில் முக்கி எடுக்கும்போது பால் போலிருந்த பரப்பில் மெல்ல மெல்ல ஒரு முழங்கை, ஒரு தாடை, ஒரு குழந்தையின் பொடி விரல்கள் எழுந்து வரும். ஆயிரம் தடவை பார்த்திருப்பாள். இருந்தும் அந்த நேரத்தில் மூச்சு ஒரு கணம் நின்றுதான் போகும். வெளியே கடல் இரைந்துகொண்டிருக்கும். உள்ளே சிவப்பு வெளிச்சத்தில் யாரோ ஒருவருடைய எலும்பும் அவளும் மட்டும் இருப்பார்கள்.

தீவில் யார் கை உடைந்தாலும் கால் பிசகினாலும் அவளிடம்தான் வர வேண்டும். அதனால் முகத்தைவிட எலும்பை வைத்துத்தான் அவளுக்கு ஆட்களைத் தெரிந்தது. சந்தையில் மீன் நிறுத்துக் கொடுப்பவரைப் பார்த்தால், கழுத்தடியில் கோணலாகக் கூடிய காறையெலும்பு முதலில் ஞாபகத்துக்கு வரும். சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போகிற பெண்ணைப் பார்த்தால், 'கணுக்கால், ஆறு வாரம் மாவுக்கட்டு' என்று மனது சொல்லும். சட்டைக்குள்ளும் தோலுக்குள்ளும் எல்லோரும் எவ்வளவு வெள்ளையாக, எவ்வளவு அமைதியாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே கத்திரிக்காய் பொறுக்குவாள்.

அவள் குடியிருந்தது ஒரு சைக்கிள் கடையின் மாடியில், ஒற்றை அறையில். அங்கே காற்றில் எப்போதும் உப்பு இருந்தது. பூட்டுகள் துருப்பிடித்தன. செருப்பில் பூசணம் பூத்தது. புத்தகத்தின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மதியம் இரண்டு மணிக்குத் தெருவே தூங்கிவிடும்; நாய் கூட நிழலை விட்டு நிழலுக்கு நகர்வதோடு சரி. முதல் வருஷம் முழுக்க அவள் கடலில் கால் நனைக்கவில்லை. பயம். ஜன்னலில் நின்று பார்ப்பதோடு சரி.

அந்த ஜன்னலிலிருந்துதான் ஒருநாள் காலை ஆறு மணிக்கு, கரைக்குக் கொஞ்ச தூரத்தில் மூன்று பானைகள் மிதப்பதைப் பார்த்தாள். யாரோ தவறவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தாள். அப்போது ஒரு பானை சிரித்தது.

மூன்று பெண்கள் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நீந்தவில்லை, குளிக்கவில்லை, சும்மா நின்றார்கள். அரை மணி நேரம் கழித்துப் புடைத்த ஈரத் துணிகளோடு கரையேறி, ஆளுக்கொரு திசையில் போனார்கள். மறுநாளும் அதே நேரம், அதே இடம், அதே மூன்று தலைகள்.

ஒரு மாதம் கழிந்திருக்கும். அக்கா ரொட்டி வாங்கப் போனபோது கல்லாவுக்குப் பின்னால் நின்ற பெண்மணி அவளை மேலும் கீழும் பார்த்தாள். அகலமான தோள், முழங்கை வரைக்கும் மாவு, கட்டை உடைகிற மாதிரி சிரிப்பு. சிரித்த பானை இவள்தான் என்று அக்காவுக்குக் குரலிலேயே தெரிந்துவிட்டது.

"தினம் ஜன்னல்ல நின்னுக்கிட்டு எங்களை எண்ணிக்கிட்டிருக்கற ஆளு நீதானே?"

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எண்ணல. சும்மா பாத்தேன்."

"மூணு பேரு. அதுக்கு மேல எண்ண ஒண்ணுமில்ல. நாளைக்கு வா, நாலாக்கிடுவோம்."

"எனக்கு நீச்சல் தெரியாது."

"யாரு நீந்தறா? நாங்க நிக்கறோம். நிக்கத் தெரியுமில்ல?"

நிற்கத் தெரிந்தது. மறுநாள் காலை ரொட்டிக்காரி அவள் கையைப் பிடித்து ஒவ்வொரு அடியாக உள்ளே கூட்டிப்போனாள். முழங்கால், இடுப்பு, மார்பு. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. கழுத்துக்கு வந்ததும் உடம்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. தலை மட்டும் மிச்சம். எதிரே இன்னும் இரண்டு தலைகள். ஒல்லி முகத்துக்காரி தபால் ஆபீஸில் முத்திரை குத்துகிறவள். தீவுக்கு வருகிற எல்லாச் செய்தியும் அவளுக்கு ஒரு மணி நேரம் முன்னால் தெரியும். "திறந்த கார்டைத்தான் படிப்பேன். ஒட்டின கவர்ல கை வைக்க மாட்டேன்" என்று தன்னைப் பற்றிப் பெருமையாகவே சொல்லிக்கொண்டாள். இன்னொருத்தி பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சர். பத்து நிமிஷத்துக்கு ஒரு வாக்கியம் பேசுவாள். பேசினால் மற்ற மூன்று பேரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

அந்தக் கடலில்தான் அக்கா தீவு மொழியை உண்மையில் கற்றுக்கொண்டாள். புத்தகம் சொல்லித்தந்தது 'ரயில் எத்தனை மணிக்குப் புறப்படும்' என்பதை. தீவில் ரயிலே கிடையாது. மாமியாரைத் திட்டுவது, மழை வருமா என்று மோவாயைத் தூக்கிப் பார்ப்பது, ஒருவர் சொல்வதை நம்பவில்லை என்பதை ஒரே ஒரு 'ம்'மில் சொல்வது, இதெல்லாம் தண்ணீருக்குள் நின்று கற்றது. சில நாள் யாருமே பேச மாட்டார்கள். சூரியன் தண்ணீரைத் தொட்டு மேலே வரும். நான்கு தலைகளும் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும். அலை லேசாகத் தூக்கும், இறக்கும். கனவில் நிற்கிறோமோ என்று அக்கா காலால் மணலை அழுத்திப் பார்த்துக்கொள்வாள். பத்து வருஷம் அப்படியே போயிற்று.

பன்னிரண்டாம் வருஷ மழைக்காலத்தில் ரொட்டிக்காரிக்குத் தோளில் வலி வந்தது. மாவு பிசைந்து பிசைந்து வந்த வலி என்றாள். பெரிய டாக்டர் வலது தோளுக்கு ஒரு படம் எழுதிக் கொடுத்தார். எக்ஸ்ரே அறையில் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "அழகா எடு. கல்யாணத்துக்கே ஒரு போட்டோதான் எடுத்தாங்க, அதுலயும் கண்ணை மூடிட்டேன்" என்றாள் ரொட்டிக்காரி. அந்தப் புருஷன் கப்பல் வேலைக்குப் போனவன், போனவன்தான். அதையும் அவள் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

தோள் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் படத்தின் கீழ் மூலையில் நுரையீரலின் உச்சி கொஞ்சம் விழுந்திருந்தது. கறுப்பாக இருக்க வேண்டிய அந்த இடத்தில், விரல் நகம் அளவுக்கு வெள்ளையாக ஒரு மங்கல் வட்டம்.

அக்கா படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிவிட்டு நெடுநேரம் நின்றாள். பிறகு அதை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனாள். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். டாக்டர் காலையிலிருந்து டீ கூடக் குடிக்கவில்லை.

"தோள்ல ஒண்ணும் இல்ல. தைலம் தேச்சா போதும்" என்றார், படத்தை வெளிச்சத்தில் ஒரு தடவை காட்டிவிட்டு.

"சார், இந்த மூலையைக் கொஞ்சம் பாருங்க."

அவர் பார்த்தார். "இது கறை. உங்க மருந்துத் தண்ணி பழசாயிருக்கும். மாத்துங்க."

"நேத்துதான் சார் மாத்தினேன்."

"அப்ப ஈரம். இந்த ஊர்ல எதுலதான் பூசணம் இல்ல? அடுத்த ஆளை வரச் சொல்லுங்க."

அக்கா வெளியே வந்தாள். படம் எடுப்பதுதான் அவள் வேலை. படத்தைப் படிப்பது டாக்டர் வேலை. பயிற்சியின் முதல் நாளிலேயே சொல்லிக்கொடுத்தது அது. நோயாளியிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, முகத்தில் கூடக் காட்டக் கூடாது. அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, தன் மேலேயே சந்தேகப்பட்டு, நான்கு வெறும் ஃபிலிம்களை அதே மருந்தில் கழுவிக் காயப்போட்டாள். நான்கின் மூலைகளையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். ஒரு பொட்டு இல்லை.

மறுநாள் காலை மழை. மழையென்றால் அவர்கள் கடலுக்கு வராமல் இருப்பதில்லை; எப்படியும் நனையத்தானே போகிறோம் என்பது ரொட்டிக்காரியின் நியாயம். கடல் முழுக்கத் துளிகள் குதித்தன. நான்கு பேரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். அக்கா ரொட்டிக்காரியின் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தாள். சிரித்து முடித்ததும் ஒரு சின்ன இருமல். அது எத்தனை நாளாக இருக்கிறது? ஏன் இதுவரை காதில் விழவில்லை?

தபால்காரியும் டீச்சரும் கரையேறிய பிறகு அக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இன்னொரு படம் எடுக்கணும். நெஞ்சுக்கு."

"எதுக்கு? டாக்டர் ஒண்ணுமில்லைன்னுட்டாரே."

"அந்தப் படத்து மூலையில ஏதோ தெரியுது. என்னன்னு எனக்குச் சொல்லத் தெரியாது. சொல்லவும் கூடாது. ஆனா இருக்கு."

ரொட்டிக்காரியின் முகம் மாறியது. அப்படியொரு முகம் அவளுக்கு உண்டு என்பதே அக்காவுக்கு அதுவரை தெரியாது.

"நீ படம் புடிக்கறவ. படத்தைப் புடி, போதும். எங்கிருந்தோ வந்து என் நெஞ்சுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கே சொல்றியா?"

தண்ணீரைக் கைகளால் தள்ளிக்கொண்டு அவள் கரையேறிப் போனாள். எங்கிருந்தோ வந்து. பன்னிரண்டு வருஷத்தில் அந்த வார்த்தையை யாரும் அக்காவிடம் சொன்னதில்லை. மழையில் தனியாக நின்றாள். கண்ணில் வழிந்தது எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அதன்பிறகு ரொட்டிக்காரி கடலுக்கு வரவில்லை. கடையில் அக்காவைக் கண்டால் ரொட்டியை எடுத்து வைப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். மூன்று தலைகளோடு காலைகள் வெறுமையாக இருந்தன. தபால்காரிக்கு விஷயம் தெரியாமல் தலையே வெடித்துவிடும் போலிருந்தது. "என்னடி சண்டை உங்களுக்குள்ள?" என்று இரண்டு பேரையும் மாறி மாறிக் கேட்டாள். அக்கா வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தம்பி, "குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? வந்துடேன்க்கா" என்றபோது முதல் தடவையாக, "பாக்கலாம்டா" என்றாள். அந்த வாரம் பரண் மேலிருந்து பெட்டியை இறக்கித் துடைக்கவும் செய்தாள்.

கடைசியில் டீச்சர்தான் ரொட்டிக் கடைக்குப் போனாள். அவளிடமும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் டீச்சர் நாற்பது வருஷம் பிள்ளைகளின் முகம் பார்த்தவள். அடுப்படியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாளாம். ரொட்டிக்காரி எல்லாவற்றையும் கொட்டி முடிக்கிற வரைக்கும் பேசவில்லையாம். பிறகு ஒன்றே ஒன்று சொன்னாளாம்:

"ஒரு கோணத்துல சந்தேகம்னா மறுபடி அளப்போம். அளந்தா கோணம் மாறாது. நமக்குத் தெரியும், அவ்வளவுதான்."

இருபத்து மூன்றாம் நாள், மதியம் இரண்டு மணிக்கு, தெரு தூங்கும் நேரம் பார்த்து, ரொட்டிக்காரி எக்ஸ்ரே அறையின் இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் மாவு அப்படியே இருந்தது.

"எடு" என்றாள்.

அக்கா அவளைப் பலகையோடு ஒட்டி நிற்கவைத்தாள். மோவாயைத் தூக்கி வைத்தாள். தோள்களை முன்னால் தள்ளினாள். "மூச்சை இழுங்க. பிடிங்க." பொத்தானை அமுக்கினாள். "விடுங்க."

ஃபிலிமை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் நுழைந்தபோது, ரொட்டிக்காரி பின்னாலேயே வந்து நின்றாள். "நானும் பாக்கறேன்."

நோயாளியை அந்த அறைக்குள் விடக் கூடாது. அக்கா கதவை இருவருக்கும் பின்னால் சாத்தினாள்.

சிவப்பு வெளிச்சத்தில் இரண்டு பேரும் தொட்டியின் மேல் குனிந்து நின்றார்கள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு தூரத்துப் படகுகள் போல விலா எலும்புகள் ஒவ்வொன்றாக வந்தன. நடுவில் இதயம், ஒரு பக்கமாகச் சாய்ந்து.

"இதுவா நானு?" என்று ரொட்டிக்காரி மெதுவாகக் கேட்டாள்.

"நீங்கதான்."

"நல்லாத்தானே இருக்கேன்." கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஈரத்தில் படாமல் விரலை நீட்டினாள். "இதா?"

"ஆமா."

அந்த வெள்ளை வட்டம் இந்தத் தடவை மூலையில் ஒளிந்திருக்கவில்லை. ரொட்டிக்காரி மாவுக் கையாலேயே அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஃபிலிமை வெளியே எடுக்க நேரம் சொல்லும் கடிகாரம் மணியடிக்கிற வரைக்கும் விடவில்லை.

டாக்டர் இரண்டு படங்களையும் பக்கம் பக்கமாக மாட்டி உற்றுப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நான் தப்பு பண்ணிட்டேன்" என்றார், அக்காவைப் பார்த்து, நோயாளியின் எதிரிலேயே. அப்படிச் சொல்லக்கூடிய மனுஷர் என்று அக்கா நினைத்ததில்லை. அப்போதே உட்கார்ந்து அக்கரையில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குத் தன் கையால் நான்கு பக்கக் கடிதம் எழுதினார். அக்காவுக்கு ஒரு மாத விடுப்பும் அவரே எழுதினார். "தனியா அனுப்ப முடியாது. ஊரும் தெரியாது, ஒண்ணும் தெரியாது அவங்களுக்கு. நீங்க கூடப் போங்க. இங்க நான் பாத்துக்கறேன்."

கப்பல் ஒன்றரை நாள் போயிற்று. ரொட்டிக்காரிக்கு ஐம்பத்தாறு வயது. தீவை விட்டு வெளியே போவது அதுதான் முதல் தடவை. மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரி சிறுத்தது. தபால் ஆபீஸ் மறைந்தது. மலை ஒரு கையளவு ஆயிற்று.

"இவ்வளவு சின்னதா இது?" என்றாள். "இதுக்குள்ளயா நான் இத்தனை வருஷம் மூச்சு வாங்க ஓடிக்கிட்டிருந்தேன்?"

அதன்பிறகு எல்லாப் பக்கமும் தண்ணீர்தான். இரண்டு பேரும் கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் சாய்ந்து வந்தது. கப்பல் போகிறதா, நிற்கிறதா என்று சொல்ல முடியாத மாதிரி இருந்தது. பறக்கும் மீன்கள் கூட்டமாக எழும்பின, வெள்ளியாகக் கொஞ்ச தூரம் போய் மறைந்தன. ரொட்டிக்காரி தன் அம்மாவைப் பற்றிப் பேசினாள், கப்பலேறிப் போன புருஷனைப் பற்றி, இந்தத் தடவை சிரிக்காமல், பேசினாள். அப்படியே அக்காவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். தோள் மரத்துப்போயிற்று. அக்கா அசையவில்லை.

நகரத்தில் இறங்கியதும் அந்தப் பெரிய உடம்பு ஒடுங்கிவிட்டது. லிஃப்டுக்குள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். எல்லோரும் வேகமாகப் பேசினார்கள், யாரும் முகம் பார்த்துப் பேசவில்லை. ஒரு ஜன்னலில் கேட்டால் அடுத்த ஜன்னலைக் காட்டினார்கள். படிவம் நிரப்பிய நர்ஸ், கூட வந்திருப்பவர் பெயர் என்னவென்று கேட்டபோது, அக்கா வாய் திறக்கும் முன் ரொட்டிக்காரி "அக்கா" என்று சொல்லிவிட்டாள். நர்ஸும் அப்படியே எழுதினாள். அங்கே இருந்த பத்தொன்பது நாளும் அந்தப் பெயரெழுதிய அட்டை கழுத்தில் தொங்கியது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் நீளமான வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ரொட்டிக்காரி கேட்டாள். "நீ முதல்ல எங்க ஊருக்கு வந்தப்ப இப்படித்தான் இருந்துச்சா?"

"இப்படித்தான்."

"பயமா?"

"பயம்தான். பக்கத்துல இப்படி உக்கார ஆளும் கிடையாது."

ரொட்டிக்காரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு வருஷம் ஜன்னல்ல நின்னியே. நான் முதல் வாரமே கூப்பிட்டிருக்கணும்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அன்னிக்கு சொன்னது, எங்கிருந்தோ வந்துன்னு" என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் வரவில்லை.

"விடுங்க. மழை சத்தத்துல சரியா கேக்கல எனக்கு" என்றாள் அக்கா.

வலது நுரையீரலின் மேல் பகுதியை எடுத்தார்கள். கட்டி சின்னதாக இருக்கும்போதே வந்துவிட்டீர்கள், இல்லையென்றால் கதை வேறு என்று அறுவை செய்த டாக்டர் சொன்னார். மயக்கம் தெளிந்ததும் ரொட்டிக்காரி கேட்ட முதல் சொல், "கடை?"

கடையைத் தபால்காரியும் டீச்சரும் நடத்திக்கொண்டிருந்தார்கள். தபால்காரியிடமிருந்து கடிதம் வந்திருந்தது. முதல் தடவையாக ஒட்டின கவரில். அக்கா வாசித்துக் காட்டினாள். 'முதல் நாள் ரொட்டி செங்கல். வாங்கின யாரும் ஒரு வார்த்தை சொல்லலை. ரெண்டாம் நாள் அதைவிட மோசம். அதையும் வாங்கிட்டுப் போனாங்க. டீச்சர் மாவைத் தராசுல வச்சு நிறுக்கறாங்க. அளவெல்லாம் துல்லியமா இருக்கு. ரொட்டிதான் வரலை. சீக்கிரம் வந்து சேரு. ஊருக்கே பல்லு ஆடுது.'

ரொட்டிக்காரி சிரித்தாள். தையல் இழுத்தது. "ஐயோ, வாசிக்காதே" என்று கெஞ்சினாள். பிறகு, "இன்னொரு தடவை வாசி" என்றாள்.

ஒருநாள் மாலை அக்கா ஆரஞ்சு வாங்க ஆஸ்பத்திரிக்கு எதிர்க்கடைக்குப் போனாள். விலை கேட்டதும் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "தீவா நீங்க? பேச்சே சொல்லுதே."

"ஆமா, தீவுதான்" என்று சொல்லிவிட்டு, பையை வாங்கிக்கொண்டு தெருவைக் கடந்தாள். நடுத்தெருவில்தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. மாடிப்படி ஏறும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

திரும்பி வந்த நாளில் நல்ல மழை. துறையில் வரவேற்க ஊரே திரளும் என்று ரொட்டிக்காரி வழியெல்லாம் எதிர்பார்த்தாள். ஒரு குடைக்குக் கீழே இரண்டு பேர் மட்டும் நின்றார்கள். ஒருத்தி கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தாள், இன்னொருத்தி சும்மா நின்றாள். "போதும், இது போதும்" என்றாள் ரொட்டிக்காரி.

ஐந்து மாதம் கழித்துத்தான் டாக்டர் அவளைத் தண்ணீரில் இறங்க விட்டார். இப்போது அவள் சிரிப்பு பாதியில் நிற்கும், மூச்சு வாங்கிக்கொண்டு மீதியைச் சிரிப்பாள். மாவு பிசைய ஒரு பெண்ணை வேலைக்கு வைத்திருக்கிறாள். அவளை நாள் முழுக்கக் குறை சொல்கிறாள். வருஷத்துக்கு ஒரு தடவை அக்காவிடம் படம் எடுத்துக்கொள்கிறாள். ஐந்து படங்கள் ஆயிற்று. ஐந்தும் சுத்தம். எக்ஸ்ரேயில் ஏதாவது கண்ணில் பட்டால் உள்ளே வந்து சொல்லும்படி டாக்டர் சொல்லிவைத்திருக்கிறார். ஏழாவது ஒப்பந்தம் முடிந்தபோது அக்கா புதுப்பிக்கவில்லை. நிரந்தர வேலைக்கு எழுதிப்போட்டாள். கிடைத்தது.

இதைத் தம்பியிடம் எப்படிச் சொல்வது என்று அவள் பல ஞாயிற்றுக்கிழமைகளைக் கடத்தினாள். ஒருவழியாகச் சொல்லியும்விட்டாள். "சரி, நானே வர்றேன்" என்றான்.

பத்து நாள் வந்து தங்கினான். அவனுக்கும் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. அக்காவை அழைத்துக்கொண்டுதான் போவது என்று மனதில் வைத்து வந்தவன், முதல் மூன்று நாள் தூங்கினான். ஜன்னலோரத்தில், நாற்காலியில், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தூங்கினான். ஊரில் ராத்திரி தூக்கம் வந்து வருஷமாகிறது என்றான். நான்காம் நாள் ரொட்டிக்காரி அவனைக் கடைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, இரண்டு மணி நேரம் என்னவோ சொன்னாள். அவனுக்குத் தீவு மொழி பத்து வார்த்தைதான் தெரியும். அவளுக்கு அவன் மொழியில் ஒரே ஒரு வார்த்தை தெரியும். திரும்பி வந்தவன் கண் சிவந்திருந்தது.

"என்னடா சொன்னாங்க?" என்று அக்கா கேட்டாள்.

"ஒண்ணும் புரியல" என்றான். "நெஞ்சைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாங்க. அப்புறம் அழுதாங்க. நானும் கொஞ்சம் அழுதேன். அப்புறம் ரொட்டி குடுத்தாங்க."

கிளம்புகிற அன்று காலை துறை வரைக்கும் இருவரும் நடந்தே போனார்கள். வழியில் நாலைந்து பேர் நிறுத்தி அவனிடம் கை குலுக்கினார்கள். கப்பல் ஊதியது. அவன் வழக்கமாகக் கேட்பதைக் கேட்கப்போகிறான் என்று அவள் பதிலைத் தயாராக வைத்திருந்தாள்.

"அடுத்த லீவுக்குப் புள்ளைங்களைக் கூட்டிட்டு வரட்டுமா?" என்றான்.

"கூட்டிட்டு வாடா" என்றாள். "பெரியவனுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

"பரவாயில்ல."

அவன் படியேறினான். கப்பல் விலகி, வெயிலில் வெளுத்து, ஒரு வெள்ளைப் புள்ளியாகிற வரைக்கும் நின்று பார்த்தாள். மணி எட்டரை ஆகியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு வேகமாக நடந்தாள். எக்ஸ்ரே அறை வாசலில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதல் ஆள் ஏணியிலிருந்து விழுந்த பெயிண்டர். காலை நீட்டி வைத்துக்கொண்டு, வலியில் முகத்தைச் சுளித்தபடி, "ஏன் இன்னிக்கு லேட்டு?" என்று அதட்டினார். அவள் சாவியைப் போட்டுத் திருகினாள்.